கணிப்புக்கு அல்ல, வெற்றிக்கே இடம்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் 2023ஆம் ஆண்டு ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழக அணி, தேசியப் பட்டத்துக்கான அணித் தேர்வுக்கு முன் 13 ஆட்டங்கள் ஆடி, பதின்மூன்றிலும் வென்றது. அது ஆடும் அணிக்கூட்டமான அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸின் பட்டமும் அதற்கே கிடைத்தது. ஆனால், தேசியப் பட்டத்துக்கு மோதும் நான்கு அணிகளைத் தேர்வுக் குழு டிசம்பர் 3 அன்று அறிவித்தபோது, அந்த அணி ஐந்தாம் இடத்தில் நிறுத்தப்பட்டது. தலா ஒரு தோல்வி கண்ட டெக்சஸும் அலபாமாவும் உள்ளே போயின. பெரிய ஐந்து கான்ஃபரன்ஸ்களில் ஒன்றின் பட்டத்தைத் தோல்வியே இல்லாமல் வென்ற அணி இப்படி ஒதுக்கப்பட்டது, 2014இல் தொடங்கிய நான்கணி முறையில் முதல்முறை. அந்த முறை போய்விட்டாலும், அந்த முடிவுக்கு வழிவிட்ட சிந்தனை போய்விடவில்லை.

குழு சொன்ன காரணம் ஒரு வீரரின் காயம். நவம்பர் 18 அன்று நார்த் அலபாமாவுடனான ஆட்டத்தில், அணியின் தாக்குதலை வழிநடத்தும் குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் காலில் பலத்த காயமடைந்தார். அவர் இல்லாத அணி வேறு அணி என்பது குழுவின் வாதம். அந்த 'வேறு அணி' ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தை 24-15 என வென்றது. பிறகு, மூன்றாம் நிலை குவார்ட்டர்பேக்கான முதலாண்டு மாணவரைக் களமிறக்கி, லூயிவில்லை 16-6 என வீழ்த்திப் பட்டம் வென்றது. முக்கிய வீரர்களின் இழப்பைக் கணக்கில் கொள்ளக் குழுவின் விதிமுறை இடம் தந்தது உண்மைதான். ஆனால், நடந்துமுடிந்த வெற்றியைவிட இனி நேரக்கூடிய தோல்வியைப் பெரிதாக எண்ணச் சொல்லும் விதி, போட்டிக்கான விதி ஆகாது. அத்தகைய கணிப்பு பொய்க்கும் என்பதற்கு 2014 சாட்சி: ஒஹையோ ஸ்டேட் அணி மூன்றாம் நிலை குவார்ட்டர்பேக் கார்டேல் ஜோன்ஸை நம்பிக் களம் கண்டு, அலபாமாவையும் ஆரெகனையும் வென்று பட்டம் சூடியது. அந்த அணி தன் கான்ஃபரன்ஸ் இறுதியில் 59-0 என வென்று தகுதியைக் காட்டியதே என்பார்கள். ஃபுளோரிடா ஸ்டேட் செய்ததுபோல் எதிரணியை ஆறு புள்ளிகளில் முடக்குவதும் தகுதிதான்.

தேர்வுக்குப் பிறகு நடந்த ஆரஞ்சு பௌல் ஆட்டத்தில் ஃபுளோரிடா ஸ்டேட் ஜார்ஜியாவிடம் 63-3 எனத் தோற்றதே குழுவின் முடிவை நியாயப்படுத்துகிறது என்று சிலர் வாதிடுகிறார்கள். வாய்ப்பு பறிபோன பிறகு, முன்னணி வீரர்கள் பலர் ஒதுங்கிக்கொண்ட நிலையில் ஆடிய ஆட்டம் அது. ஒரு முடிவின் விளைவை அதே முடிவுக்கு ஆதாரமாகக் காட்ட முடியாது. அலபாமா வலிமையான அணி என்பதையும் மறுப்பதற்கில்லை. ஜார்ஜியாவை 27-24 என வென்றுதான் அது உள்ளே வந்தது. ஆனால் சொந்த மைதானத்திலேயே டெக்சஸிடம் 34-24 எனத் தோற்ற அணியும் அதுதான். ஃபுளோரிடா ஸ்டேட்டோ எல்எஸ்யூவை 45-24 எனவும், கிளெம்சனை அதன் மண்ணிலேயே 31-24 எனவும் வென்றிருந்தது. எளிய எதிரிகளோடு மட்டும் மோதி வளர்ந்த கணக்கல்ல அது.

2024 முதல் 12 அணிகள் ஆடுவதால் சிக்கல் தீர்ந்துவிட்டது என்பது பாதி உண்மை. 2024இல் வந்த விதி, கான்ஃபரன்ஸ் பட்டம் வென்றவர்களில் தரவரிசையில் முந்திய ஐவருக்கு இடத்தை உறுதி செய்தது. ஃபுளோரிடா ஸ்டேட்டுக்கு நேர்ந்தது பெரிய கான்ஃபரன்ஸ் சாம்பியனுக்கு மீண்டும் நேர்வது அரிது. ஆனால் எஞ்சிய ஏழு இடங்கள் இன்னமும் குழுவின் தீர்ப்பில்தான் இருக்கின்றன. வெற்றி தோல்வி, எதிரணியின் தரம், வெளிமைதான வெற்றி ஆகியவற்றுக்கு எவ்வளவு மதிப்பு என்பதைப் பருவம் தொடங்குமுன்பே வெளியிட்டு, அதன்படி மட்டுமே இந்த இடங்களை நிரப்ப வேண்டும். காயத்தை வைத்து எதிர்காலத்தைக் கணிக்கும் உரிமை எந்தக் குழுவுக்கும் தரப்படக் கூடாது. மாற்று வீரரை வைத்தும் வெல்லும் அணிக்கு, அந்த வெற்றிக்குரிய இடத்தைத் தருவதே முறை.