பி-யைச் சொன்னதுக்கா சிரிச்சீங்க?

கொஞ்சம் நீளமான இழை. கோபத்தோடதான் எழுதறேன், பொறுத்துக்குங்க.

வார்டுல ஒரு அம்மா, பையனோட பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை எழுத்துக்கூட்டி வாசிச்சாங்க. "பி...நியுமோனியா." பக்கத்துல நின்ன ரெண்டு ஜூனியர் டாக்டர்கள் சிரிச்சுட்டாங்க. அந்தம்மா காகிதத்தை மடிச்சு என் கையில கொடுத்துட்டு, அப்புறம் வாயே திறக்கல. அடுத்த வரி என்ன தெரியுமா? பென்சிலின் அலர்ஜி. நான் பிரிச்சுப் பார்த்தேன், சரி. பார்க்காம விட்டிருந்தா?

முதல்ல, அந்தம்மா சொன்னதுல என்ன தப்பு?

நிமோனியா கிரேக்கச் சொல். நுரையீரலுக்கு அங்கே 'ப்நியூமோன்' என்று பெயர். அந்த பி ஊமை எழுத்தே இல்லை. இன்னிக்கும் ஏதென்ஸ்ல 'ப்நெவ்மொனியா'ன்னுதான் சொல்றாங்க. ஜெர்மன்காரங்க, பிரெஞ்சுக்காரங்க எல்லாரும் பி-யை உச்சரிக்கிறாங்க. ஆங்கிலேயர் நாக்குக்குத்தான் சொல்லின் தொடக்கத்தில் ப்ந, ப்ஸ, ப்ட எல்லாம் வராது. அதனால விழுங்கிட்டாங்க. ஆனா எழுத்தை விடல. கிரேக்கம் படிச்ச பெருமை போயிடுமே! இதுல ஸ்பானியக்காரங்க நேர்மை. வாயில வராத பி-யை நிமோனியாவோட ஸ்பெல்லிங்கிலிருந்தே தூக்கிட்டாங்க.

நம்ம ஊர்ல 'இஸ்கூல்'னு சொன்னா படிக்காதவன். தொடக்கத்தில் ரெண்டு மெய் சேர்ந்து வந்தா தமிழ் நாக்கு ஒரு இகரத்தைச் சேர்த்துக்குது. ஆங்கில நாக்கு ஒரு எழுத்தைத் தின்னுடுது. ரெண்டும் நாக்கு செய்யற அதே சமாளிப்புதான். ஆனா அதுக்குப் பேரு 'சைலன்ட் லெட்டர்', இதுக்குப் பேரு பட்டிக்காடா?

சொல்லப்போனா நம்ம பாட்டிங்க 'ஆஸ்துமா'ன்னு சொல்றதுதான் கிரேக்கத்துக்குக் கிட்ட இருக்கு. ஆங்கிலேயர் நடு எழுத்தை விட்டுட்டு 'ஆஸ்மா' ஆக்கிட்டாங்க.

இன்னொரு கோபம், "அது சைலன்ட், மனப்பாடம் பண்ணு"ன்னு பிள்ளைங்களை மிரட்டறவங்க மேல. அந்த எழுத்து சாகல, தூங்குது. முன்னாடி ஒரு உயிரெழுத்து வந்தா சில சொற்கள்ல எழுந்துக்கும். தூக்கத்தில் மூச்சு நிக்கிற 'அப்னியா'வைப் பாருங்க. 'அ'ன்னா இல்லை, 'ப்னியா'ன்னா மூச்சு. நிமோனியால தூங்கின பி இங்க கேக்குது. கண்ணுல இறக்கை மாதிரி சதை வளர்ந்தா 'டெரிஜியம்', பி ஊமை. இறக்கை என்கிற அதே வேர் 'ஹெலிகாப்ட'ர்ல வந்தா பி வாய் நிறைய. இதைச் சொல்லிக்கொடுங்க, ஸ்பெல்லிங் மறக்குதான்னு பார்ப்போம்.

படிச்சவங்க தப்பே பண்ணலையா? ஸ்காட்லாந்துல 'டார்மிகன்'னு ஒரு பறவை. பேரு கேலிக் மொழியில இருந்து வந்தது. கிரேக்கம்னு நினைச்சு முன்னாடி ஒரு பி-யை ஒட்டிட்டாங்க. 300 வருஷத்துக்கு மேல அகராதியில கம்பீரமா உக்காந்திருக்கு. யார் சிரிச்சாங்க?

அன்னிக்கு அந்த ரெண்டு பேரையும் கேஸ் ஷீட் முகப்புல சிவப்பு மையில அலர்ஜியை எழுத வச்சேன். அப்புறம் அந்தம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டு, மொத்தக் காகிதத்தையும் தமிழ்ல விளக்கிச் சொல்லிட்டு வரச் சொன்னேன். அரை மணி நேரம் ஆச்சு. அந்தம்மா கேட்ட கேள்வி அத்தனை.