குற்றவாளி ஊசி மட்டுமா?

"போதை ஊசி ஏற்றிக்கொண்டவன் சாகிறான், தேடிக்கொண்ட தீவினை, நமக்கென்ன?" என்று கேட்போர் உண்டு, தோழர்களே! அவர்களெல்லாரும் கல்நெஞ்சர் அல்லர். நோயின் கதை அறியாதவர்கள். ஆகவே கதையைக் கேளுங்கள்.

தூய்மையற்ற ஊசி நாளத்தில் இறங்கும்போது, தோலில் குடியிருக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியும் உடன் இறங்குகிறது. நாளத்து இரத்தம் சென்று சேருமிடம் இதயத்தின் வலப்புறம். அங்குள்ள மூவிதழ் வால்வில் கிருமி கூடு கட்டுகிறது. கூட்டின் துணுக்குகள் பிய்ந்து நுரையீரலுக்குப் பாய்கின்றன, குழாய்களை அடைக்கின்றன, சீழ்க்கட்டிகளாகிக் குழி பறிக்கின்றன. காய்ச்சல், இருமல், மூச்சிழுக்குந்தோறும் நெஞ்சில் குத்தல், சளியில் இரத்தம்! நுரையீரல் நோயென்று எண்ணி வருகிறான். வேரோ இதயத்தில் இருக்கிறது.

நான்கு முதல் ஆறு வாரம் நாளத்தின் வழியே மருந்து ஏற்றினால் பலர் பிழைக்கின்றனர்; சிலருக்கு அறுவையும் தேவைப்படுகிறது. ஆனால் வால்வைக் காத்து, போதை நோயைத் தீண்டாது அனுப்பினால், அவன் திரும்புவது அதே ஊசிக்கு. மீண்டும் அதே கிருமி, அதே கட்டில்!

அந்த ஊசியை அவன் கையில் திணித்தது எது? அமெரிக்காவைப் பாருங்கள். 1996இல் பர்டூ நிறுவனம் ஆக்ஸிகான்டின் எனும் வலிநீக்கி மாத்திரையை விற்பனைக்குக் கொணர்ந்தது. அடிமைப்படும் ஆபத்துக் குறைவென்று மருத்துவர்களை நம்ப வைத்தது. அவ்வாறு ஏய்த்ததை அதனோடு இணைந்த நிறுவனம் 2007இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அபராதம் கட்டினர், வாணிபம் தொடர்ந்தது! 2010இல் எளிதில் நசுக்க இயலாதபடி மாத்திரை மாற்றப்பட்டது. அதற்குள் அடிமைப்பட்டிருந்தோரில் பலர் ஹெராயினுக்குத் தாவினர். இலாபம் ஒருவனுக்கு, சீழ் மற்றொருவனுக்கு, இது நீதியா?

"தூய ஊசி வழங்குவது போதைக்குத் துணைபோவதாகாதா?" எனக் கேட்பர். இண்டியானா மாநிலத்து ஸ்காட் கவுண்டி விடையளிக்கும். 2015இல் அங்கே ஊசிவழி எச்.ஐ.வி. பரவி, 200 பேருக்கு மேல் தொற்றியது. ஊசி வழங்குவதை விரும்பாத ஆளுநர் மைக் பென்சே நெருக்கடி ஆணையிட்டு அதற்கு வழிவிட நேர்ந்தது. சோதனையும் சிகிச்சையும் தூய ஊசியும் சேர்ந்தன. புதிய தொற்று தணிந்தது. தணிந்ததும் என் செய்தனர்? 2021இல் கவுண்டி ஆணையர்கள் அத்திட்டத்தை மூட வாக்களித்தனர்! வெள்ளம் வடிந்ததென்று அணையை இடிப்பார் உண்டோ?

தூய ஊசி எச்.ஐ.வி.க்கு மட்டும் தடையன்று. தோலைத் துடைத்துச் சுத்தம் பேணவும் கற்றுக்கொடுத்தால், வால்வைத் தாக்கும் கிருமிக்கும் அது தடையே. ஊசி பெற வருபவனுக்கு மெத்தடோன், புப்ரெனார்ஃபின் சிகிச்சைக்கும் வழி திறக்கிறது. விரட்டப்பட்டவனோ நுரையீரல் புண்ணான பிறகே வருகிறான்.

தோழர்களே! ஒழுக்கம் போதிக்க உயிரோடு ஒருவன் வேண்டும். முதலில் அவனைப் பிழைக்க வைப்போம். ஊசியைக் குற்றக் கூண்டில் ஏற்றுவோர், அதனருகே ஆதாயம் கண்டவனையும் ஏற்றட்டும்!