கோல்ஃப் புல்லுக்கு ராஜ வைத்தியம்! ராயபுரம் புல்லுக்கு லாரி டயரா?

மழைக்காலம் வந்தால் கோல்ஃப் மைதானத்தில் வைத்தியம் ஆரம்பம். ஆளுக்கு இல்லை, புல்லுக்கு!

பந்தைக் குழியில் தள்ளும் இடத்துக்கு 'கிரீன்' என்று பெயர். அங்கே புல்லின் உயரம் 3 முதல் 5 மில்லிமீட்டர்தான். புல் படுத்தால் ஆட்டமும் படுத்துவிடும்.

குளிர் நாடுகளில் உறைபனி மூடிய புல்லில் கால் வைக்க விடமாட்டார்கள். மிதித்தால் கருகிவிடும். சென்னையில் உறைபனி ஏது? இங்கே வில்லன் மழை! வருடத்து மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்க்கிறது. ஈர மண்ணை மிதித்தால் இறுகும். வேர் மூச்சு முட்டும். மிச்சத்தைப் பூஞ்சை முடித்துவிடும்.

மருந்து ரொம்ப சிம்பிள். தண்ணீர் வடிய வழி வேண்டும். ஈரம் காயும்வரை யாரும் மிதிக்கக் கூடாது. மண்ணில் துளை போட்டு மணல் தூவ வேண்டும். வெட்டும் கத்தியைச் சற்று உயர்த்த வேண்டும். அவ்வளவுதான்!

ஏதோ சீமைப் புல் என்று நினைக்காதீர்கள். வெப்ப நாட்டு கிரீன்களில் பெரும்பாலும் இருப்பது நம்ம பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லின் கலப்பு ரகம்!

சரி, நம்ம ஏரியாவுக்கு வருவோம். 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் அண்ணா பேசிய ராபின்சன் பூங்கா இருக்கும் ஊர் இது. ஒண்டுக்குடித்தனத்துப் பிள்ளைகளுக்கு மைதானம்தான் முற்றம். மழை விட்ட மறுநாளே அங்கே பந்தல் கால் நடுகிறார்கள். நாற்காலி ஏற்றிய லாரி உள்ளே போகுது. பங்குனியில் தரை சிமெண்ட் மாதிரி ஆயிடுது. கால்பந்து ஆடுற பையன் விழுந்தால் முட்டி பேந்துபோகுது.

2024 செப்டம்பரில் கிண்டி ரேஸ் மைதானக் குத்தகையை அரசு ரத்து செய்தது. 160 ஏக்கர். கோல்ஃப் மைதானமும் அதற்குள்தான். பூங்கா, மழைநீர்க் குளம் என்று திட்டம் போட்டார்கள். நல்லதுதான். ஆனால் எங்க பசங்க கிண்டிக்குப் பஸ் ஏறிப் போயா ஆடணும்?

விழாவே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஈரம் காயட்டும், பிறகு நடத்துங்கள். மாநகராட்சி அதிகாரிகளே! அக்டோபர் முதல் பொங்கல் வரை மைதானத்துக்குள் வண்டி நுழையத் தடை போடுங்கள். பிறகு துளை போட்டு ரெண்டு லோடு மணல் தூவுங்கள். கோடி ரூபாய் கேட்கவில்லை, கேட்டுக்கு ஒரு பூட்டுதான் கேட்கிறோம்!

புல்லுக்கு ஏழை, பணக்காரன் தெரியாது. மிதிக்கிற காலும் வடியாத தண்ணியும்தான் தெரியும்.