அக்கரைக்கு இருந்த அக்கறை

தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் 'தம்பிரான் வணக்கம்'. 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சேறிய அந்தப் பதினாறு பக்கக் கிறிஸ்தவ மறைநூலைத் தமிழாக்கியவர், தூத்துக்குடியை ஒட்டிய முத்துக்குளித்துறையிலேயே வாழ்ந்து 1600இல் புன்னைக்காயலில் கண்மூடிய போர்த்துகீசியத் துறவி அன்றிக் அடிகளார். அச்சு வேலைக்குப் பணம் திரட்டிக் கொடுத்தவர்கள் இந்தக் கரையின் பரதவர்கள். கையில் பிடித்து ஓதவேண்டியவர்களும் அவர்கள்தான். இன்று உலகில் அந்தப் பதிப்பின் ஒரே ஒரு பிரதிதான் இருப்பதாகத் தெரிகிறது; அது அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. பணம் இக்கரையுடையது, மொழி இக்கரையுடையது. பாதுகாத்த பெருமை மட்டும் அக்கரைக்குப் போய்விட்டது. முதல் பதிப்புகளையும் ஆசிரியர் கையெழுத்திட்ட பிரதிகளையும் தேடிச் சேர்ப்பது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் அது ஓர் ஊர் தன் நினைவைக் காத்துக்கொள்ளும் வேலை. தூத்துக்குடி அந்த வேலையை இப்போதாவது தொடங்க வேண்டும்.

உள்ளடக்கம் மறுபதிப்பில் கிடைக்கும்போது முதல் பதிப்பு எதற்கு என்ற கேள்விக்கு அந்தப் பதினாறு பக்கங்களே பதில் சொல்கின்றன. அதன் கடைசிப் பக்கத்தில் இரண்டு வகை எழுத்துகள் அச்சாகியிருக்கின்றன: 1577இல் கோவாவில் வார்த்தவை ஒன்று, 1578இல் கொல்லத்தில் வார்த்தவை மற்றொன்று. தமிழ் எழுத்தை ஈயத்தில் வடிக்க முயன்றவர்கள் முதல் முயற்சியில் நிறைவடையாமல் மறுபடியும் வார்த்த கதை அந்த ஒரு பக்கத்தில் இருக்கிறது. அட்டையில் 'தமபிரான வணககம' என்றே இருக்கும். மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி கிடையாது. ஓலையில் எழுத்தாணியால் கீறும்போது புள்ளியைத் தவிர்த்த பழக்கம் அப்படியே அச்சுக்கும் வந்து சேர்ந்ததன் தடயம் அது. இன்று மறுபதிப்பு போடுகிறவர் வாசகருக்கு உதவுவதாக நினைத்துப் புள்ளி வைப்பார், சந்தி பிரிப்பார். அதில் தவறில்லை. ஆனால் மூலப் பிரதி எங்கும் இல்லையென்றால், எது 1578, எது நம் கைவேலை என்று யாராலும் சொல்ல முடியாது. அண்மைக் காலத்துக்கும் இது பொருந்தும். எட்டயபுரத்துப் பாரதியின் 'கண்ணன் பாட்டு' 1917இல் பரலி சு. நெல்லையப்பரின் முன்னுரையோடு வந்தது. 1919இன் இரண்டாம் பதிப்பில் வ.வே.சு. ஐயரின் முன்னுரை சேர்ந்தது. ஒரு கவிஞரை அவர் காலம் எப்படி ஏற்றுக்கொண்டது என்பதை அந்த இரண்டு பதிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் காண முடியும்.

இப்படிப்பட்ட பிரதிகள் தாமாகப் பிழைத்துவிடுவதில்லை. யாரோ ஒருவர் எடுத்து வைத்ததால் பிழைத்தவை. அன்றிக் அடிகளாரின் 'அடியார் வரலாறு' 1586இல் அச்சானது. அது புன்னைக்காயலில் அச்சானதா வேறெங்காவதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. அதன் ஒரு பிரதியை வாட்டிகன் நூலகம் வைத்திருந்ததால்தான், இராசமாணிக்கம் அடிகள் பதிப்பித்து, தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகம் 1967இல் அதை மறுபடி வெளியிட முடிந்தது. 381 ஆண்டுகளுக்குப் பிறகு புத்தகம் தன் கரைக்குத் திரும்பியது. வெளிநாட்டார்தான் பாதுகாத்தார்கள் என்பதும் முழு உண்மை அல்ல. செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா, எந்த நிறுவனத்தின் துணையும் இல்லாமல் புத்தகமும் இதழும் துண்டறிக்கையுமாகச் சேர்த்தவை ஏறத்தாழ ஒரு லட்சம். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. நல்லவேளையாக, சென்னையிலேயே நூலகமாக நிலைத்தது. புதுக்கோட்டையில் கிருஷ்ணமூர்த்தி–டோரதி இணையர் கட்டிய 'ஞானாலயா', முதல் பதிப்புகளுக்காகவே ஆய்வாளர்கள் தேடிப் போகும் இடம். பாரதியின் எழுத்துகளைக் காலவரிசைப்படுத்தி 23 தொகுதிகளாக்கிய சீனி. விசுவநாதனின் உழைப்பும் பழைய இதழ்களையும் முதல் அச்சுகளையும் தேடி அலைந்ததில்தான் தொடங்குகிறது.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். ஸ்கேன் செய்யவே ஒரு பிரதி வேண்டும் என்பது முதல் பதில். ஸ்கேன் எதைப் படம் பிடிப்பது என்பதை அப்போது வேலை செய்கிறவர் தீர்மானிக்கிறார் என்பது இரண்டாவது. பின்னட்டை விளம்பரம் தேவையில்லை என்று அவர் தாண்டிப் போனால், அந்தக் காலத்தின் விலைப்பட்டியலும் விற்பனையாளர் முகவரியும் போயின. தாளின் தரத்தையும் தையலையும் எந்தப் படமும் காட்டாது. வாசிக்க இணையம் போதும். சந்தேகம் வந்தால் சரிபார்க்கக் காகிதம்தான் வேண்டும்.

கையெழுத்து மோகம் வெறும் வியாபாரம் என்ற குற்றச்சாட்டில் பாதி நியாயம் இருக்கிறது. பெயரை மட்டும் கிறுக்கிய பிரதிக்கு விலை ஏற்றுவதும், போலிக் கையெழுத்து புகுவதும் உலகச் சந்தையில் பழகிப்போனவை. ஆனால் 'இன்னாருக்கு, இன்ன தேதியில், அன்புடன்' என்ற ஒரு வரி விலையைத் தாண்டிய ஆவணம். இடைசெவலில் ஒன்றாக வளர்ந்தவர்கள் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும். ஒருவர் மற்றவருக்கு எழுதிக் கொடுத்த புத்தகம் கிடைக்குமானால், அந்த நட்பின் தேதியிட்ட சாட்சி அது. தவிர, இதற்குக் கோடீஸ்வரராக இருக்கத் தேவையில்லை. மணப்பாட்டுக் கடற்கரையைப் பேசும் வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' 1977இலும், ஜோ டி குருஸின் 'கொற்கை' 2009இலும் வந்தவை. அவற்றின் முதல் பதிப்புகள் இன்னும் நம் வீட்டு அலமாரிகளில் இருக்கக்கூடும். அடுத்த தடவை வீடு மாறும்போது பழைய பேப்பர் கடைக்குப் போகாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

உப்புக்காற்று அடிக்கும் ஊரில் காகிதம் தாங்காது என்பார்கள். ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்திய ஓர் அறை, அமிலமில்லாத உறைகள், விவரம் தெரிந்த ஒரு நூலகர்: துறைமுகமும் அனல்மின் நிலையங்களும் இருக்கும் நகரத்துக்கு இது பெரிய செலவு அல்ல. பதிப்பாளர்கள் கன்னிமாராவுக்குப் பிரதி அனுப்பச் சட்டம் இருக்கிறதே என்றால், அது நாடு முழுவதற்குமான ஏற்பாடு. இந்தக் கரையைப் பற்றியவற்றை மட்டும் பொறுக்கிச் சேர்ப்பது அதன் வேலையல்ல. வ.உ.சி.யின் பெயர் துறைமுகத்துக்கு இருக்கிறது. 1914இல் வந்த அவருடைய 'மெய்யற'மும், 1917இல் அவர் பதிப்பித்த மணக்குடவர் உரையும், 'தம்பிரான் வணக்க'த்தின் தரமான நகல்பதிப்பும் ஒரே கூரையின் கீழ் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பார்க்கக் கிடைக்க வேண்டும். ஹார்வர்டிடம் மூலத்தைத் திருப்பிக் கேட்டுச் சண்டை பிடிப்பதைவிட, இனி வருவதை இழக்காமல் இருப்பது முக்கியம்.

இதே மாவட்டத்தின் ஆதிச்சநல்லூர் வழிகாட்டுகிறது. 1876இல் அங்கே தோண்டியெடுத்தவை பெர்லினுக்குப் போயின. 2023 முதல், தோண்டிய குழியிலேயே கண்ணாடித் தளத்தின் கீழ் தாழிகளைப் பார்க்கிறோம். போனதற்காக அழுதுகொண்டிராமல் இருப்பதை இருந்த இடத்திலேயே காத்தோம். தாழிக்குச் செய்ததைத் தாளுக்கும் செய்யலாம்.