கட்டி எண்டால் கான்சர் எண்டு ஆர் சொன்னது?

எங்கட வயதுப் பெண்பிள்ளைகளின் மார்பில் தட்டுப்படும் கட்டிகளில் அதிகம் காணப்படுவது ஃபைப்ரோஅடினோமா. தமிழில் நார்க்கட்டி எண்டு சொல்லலாம். பாற்சுரப்பித் திசுவும் நார்த்திசுவும் சேர்ந்து வளர்வது, புற்றுநோய் இல்லை. பெரும்பாலும் 15 முதல் 35 வயதுக்குள் வரும். அநேகமாக நோகாது. றப்பர் போல இருக்கும், விரல் பட்டால் வழுக்கி ஓடும். இங்கிலீசில் இதுக்கு 'மார்பு எலி' எண்டொரு பட்டப்பெயரே இருக்கு.

ஆனால் எங்கட வீடுகளில் 'கட்டி' எண்ட சொல்லுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். அம்மா அழத் தொடங்குவா. அடுத்தது, "ஆருக்கும் சொல்லிப்போடாத, நாளைக்குக் கலியாணம் பேசேக்க கதை வரும்."

தீவுப்பகுதியில் இந்த மறைப்பு இன்னும் கஷ்டம். நெடுந்தீவில் இருந்து குறிகட்டுவானுக்கு ஒரு மணித்தியாலம் அளவில் கடல், பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பஸ். கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. படகில் எல்லாரும் தெரிஞ்ச ஆக்கள். "எங்க பிள்ளை போறாய்?" எண்டு கேட்டால் என்ன சொல்றது? ஒரு தடவையோட முடியிற அலுவலும் இல்லை. வைத்தியர் தொட்டுப் பார்க்கவேணும், ஸ்கான் எடுக்கவேணும், தேவையெண்டால் ஊசியால் திசு எடுத்துப் பரிசோதிக்கவேணும்.

இவ்வளவும் முடிஞ்சு கையில் கிடைக்கும் அறிக்கை இங்கிலீசில் இருக்கும். கடைசி வரியில் நல்ல செய்தி இருந்தாலும், அது விளங்காமல் பயத்தோடயே வீட்டுக்குத் திரும்பவேண்டி வரும்.

சத்திரசிகிச்சை பற்றியும் இதே குழப்பம்தான். எல்லா நார்க்கட்டியையும் வெட்டத் தேவையில்லை. சின்னதாக, வளராமல், பரிசோதனை முடிவு தெளிவாக இருந்தால் விட்டுவைத்துக் கவனிக்கலாம். சில தானாகவே சுருங்கும். பெரிதாக இருந்தால், கெதியாக வளர்ந்தால், முடிவில் சந்தேகம் இருந்தால், அல்லது அவளே எடுக்க விரும்பினால் அகற்றுவார்கள். எடுப்பது கட்டியை, மார்பை இல்லை. பெரும்பாலும் அன்றைக்கோ மறுநாளோ வீட்டுக்கு வரலாம். எடுத்ததை ஆய்வுகூடத்துக்கு அனுப்புவது வழமை. அதைக் கேட்டுப் பயப்பிடத் தேவையில்லை. பின்னாளில் பாலூட்டவும் பொதுவாகத் தடையில்லை.

இதையெல்லாம் தமிழில் ஒரு பக்கத்துக்குள் எழுதிக் குடுக்கலாம். அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1860களிலேயே மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் படிப்பிச்சவர். சத்திரசிகிச்சை நூலொன்றை 'இரணவைத்தியம்' எண்டு தமிழில் தந்தவர். ஒரு முழுப் பாடநூலையே தாங்கின மொழி, ஒரு அறிக்கையின் சாரத்தைத் தாங்காதோ?

நாட்டில் 1996 முதல் நடக்கிற வெல் வுமன் கிளினிக்குகள் முக்கியமாக 35 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கானவை. நார்க்கட்டி வாறது அதுக்கு முந்தின வயதில். எங்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியது பள்ளிக்கூடச் சுகாதாரப் பாடமும் கம்பஸும். அதோட ஒவ்வொரு அறிக்கையுடனும் நாலு வரித் தமிழ் விளக்கமும் வேணும்.

மௌனத்தால் நட்டப்படுவது ரெண்டு பேர். நார்க்கட்டி உள்ளவள் தேவையில்லாமல் பயந்து சாகிறாள். உண்மையிலேயே புற்றுநோய் உள்ளவள் பயத்தில் மறைத்து, பிந்தி வருகிறாள். தொட்டுப் பார்த்து 'இது நார்க்கட்டிதான்' எண்டு நாங்களே முடிவெடுக்கேலாது. ஆகவே கட்டி தட்டுப்பட்டால் மறைக்காமல் போய்க் காட்டுங்கோ. முடிவு வந்த பிறகு, "டொக்டர், தமிழில் சொல்லுங்கோ" எண்டு கேளுங்கோ.