ஒரே இரவில் இரண்டாகிப் போன இனம்

கொரியா என்றதும் இன்று பலருக்கும் நினைவுக்கு வருபவை இரண்டு. தெற்கே சாம்சங், ஹூண்டாய், தொலைக்காட்சித் தொடர்கள். வடக்கே ஏவுகணைகள், ராணுவ அணிவகுப்புகள். இரண்டு பக்கமும் வாழ்வது ஒரே இனம், பேசுவது ஒரே மொழி என்பது மறந்தே போய்விட்டது! அந்த மக்களின் வரலாற்றைப் புரட்டினால் ஓர் உண்மை விளங்கும். அவர்கள் சேர்ந்து வாழ்ந்த காலம் மிக நீண்டது, பிரிந்திருக்கும் காலம் மிகக் குறைவு.

கி.மு. 2333ல் தான்குன் என்பவர் முதல் கொரிய அரசை நிறுவினார் என்கிறது அவர்களுடைய புராணம். கரடியாக இருந்து பெண்ணாக மாறியவளின் மகனாம் இவர்! கதைதான். ஆனாலும் அக்டோபர் 3ஆம் தேதியை நாடு பிறந்த நாளாகத் தென்கொரியா விடுமுறை விட்டுக் கொண்டாடுகிறது.

பின்னாளில் கோகுர்யோ, பெக்ஜே, சில்லா என்ற மூன்று அரசுகள் தங்களுக்குள் மோதிக்கொண்டன. சீனாவின் தாங் பேரரசைத் துணைக்கு அழைத்த சில்லா, 668க்குள் மற்ற இரண்டையும் வீழ்த்தியது. துணைக்கு வந்த படை அங்கேயே தங்கிவிடப் பார்த்தது. 676ல் அதையும் விரட்ட வேண்டியதாயிற்று. மீண்டும் சிதறிய நாட்டை 936ல் கோர்யோ வம்சம் ஒன்றாக்கியது. 'கொரியா' என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். 1392ல் வந்த சோசன் வம்சம் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆண்டது. ஆக, 936 முதல் 1945 வரை சுமார் ஆயிரம் ஆண்டுகள் கொரியா ஒரே நாடு!

இதற்கிடையில் பட்ட அடிகள் கொஞ்சமல்ல. 13ஆம் நூற்றாண்டில் மங்கோலியர், 1592ல் ஜப்பானியர் படையெடுத்தனர். 1910ல் ஜப்பான் நாட்டையே விழுங்கியது. பள்ளிகளில் கொரிய மொழி ஒதுக்கப்பட்டது. மக்கள் தங்கள் பெயரையே ஜப்பானியப் பெயராக மாற்றிக்கொள்ள நெருக்கப்பட்டனர். கொரிய அகராதி தொகுத்த அறிஞர்கள் 1942ல் கைதாயினர். அவர்களில் இருவர் சிறையிலேயே இறந்தனர். ஆனாலும் பாமரரும் படிக்க வேண்டும் என்று மன்னர் செஜோங் 1446ல் வெளியிட்ட ஹங்குல் எழுத்து அழியவில்லை.

இத்தனையையும் தாங்கிய நாடு பிளந்தது எப்படி? 1945 ஆகஸ்டில் ஜப்பான் தோற்கும் தறுவாயில், வாஷிங்டனில் இரண்டு அமெரிக்க ராணுவ அதிகாரிகள் நள்ளிரவில் ஒரு வரைபடத்தைப் பார்த்து 38ஆவது அட்சரேகையைத் தேர்ந்தெடுத்தனர். வடக்கு சோவியத் படைக்கு, தெற்கு அமெரிக்கப் படைக்கு. அந்த அறையில் ஒரு கொரியர்கூட இல்லை!

பழியை அந்நியர் மேல் மட்டும் போடுவதும் நியாயமில்லை. 1948ல் உருவான இரு அரசுகளுமே முழுக் கொரியாவும் தமக்கே என்றன. 1950ல் வடகொரியா படையெடுத்தது. 1953 ஜூலை 27ல் போர் நிறுத்தம் கையெழுத்தானது. சமாதான ஒப்பந்தம் இன்றுவரை இல்லை.

விலை கொடுத்தவர்கள் சாதாரண மக்கள். பிரிந்த உறவுகளைத் தேடித் தென்கொரியாவில் பதிவு செய்தவர்கள் 1,30,000 பேருக்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் இறந்துவிட்டனர். 2000ல் தொடங்கிய நேரடிச் சந்திப்புகள் 2018 ஆகஸ்டோடு நின்றுவிட்டன. 2023 இறுதியில் வடகொரியத் தலைவர் கிம் ஜாங் உன், இணைப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை என்று அறிவித்தார். தெற்கிலும் இளைய தலைமுறையில் பலருக்கு அந்த ஆசை இல்லை.

சரி, இரு நாடுகளும் இணைவது காத்திருக்கட்டும். அது அரசியல். ஆனால் தொண்ணூறு வயதுத் தாய் தன் பிள்ளைக்கு ஒரு கடிதம் போடுவது அரசியல் அல்ல. அணு ஆயுதப் பேச்சுவார்த்தை முடிந்த பிறகுதான் அதற்கு அனுமதி என்றால், அப்போது எழுதுவதற்கு யார் இருப்பார்கள்? முதலில் திறக்க வேண்டியது தபால் பெட்டிதான். நாடுகள் காத்திருக்கலாம், முதியவர்களால் முடியாது.