பழைய டில்லருக்கும் அடக்க விலை உண்டு

மேட்டூர் அணை திறக்கும் ஜூன் 12 விவசாயிக்கு மட்டும் உரிய நாள் அல்ல. டெல்டாவில் கடை வைத்திருக்கும் நமக்கும் அதுவே கணக்குத் தொடங்கும் நாள். தண்ணீர் வந்தால் உழவு, உழவு நடந்தால் நடவு, நடவுக் கூலி கைக்கு வந்தால் அன்று மாலையே மளிகைக் கடையில் கூட்டம். அதன்பின் அறுவடை வரை பேரேட்டில் பற்று ஏறிக்கொண்டே போகும். கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வந்த பிறகுதான் வரவு வைப்போம். கும்பகோணம் ஆனாலும் மன்னார்குடி ஆனாலும் நம் வியாபாரம் நடக்கும் விதம் இதுதான்.

இந்தப் பேரேட்டில் இப்போது ஒரு புது இனம் சேர்ந்திருக்கிறது. இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருக்கும் வாடிக்கையாளர்கள் பழைய பவர் டில்லரோ பழைய மினி டிராக்டரோ வாங்குகிறார்கள். கையில் இருக்கும் ரொக்கம் அதில் போய்விடுகிறது. நம் பாக்கிக்கு, "தையில பாத்துக்கலாம் முதலாளி" என்று பதில் வருகிறது. சிலர் வண்டி வாங்குவதற்கே நம்மிடம் கைமாற்றும் கேட்கிறார்கள்.

அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. 1960-ல் தஞ்சை மாவட்டத்தில் தீவிர விவசாயத் திட்டம் வந்தது. 1960-களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால நெல்லைத் தந்தது. குறுவை அறுத்த கையோடு தாளடி நட வேண்டுமானால் நடுவில் கிடைப்பது சில நாட்கள்தான். அத்தனை வயலையும் அந்த நாட்களுக்குள் உழ மாட்டு ஏரால் ஆகாது. வாடகை டிராக்டர் பெரிய பங்குகளை முடித்துவிட்டுத்தான் சின்ன வயலுக்கு வரும். அதற்குள் நாற்று முற்றிவிடும். "நமக்கென்று ஒரு வண்டி" என்று சிறு விவசாயி நினைப்பது ஆடம்பரம் அல்ல.

"மளிகை விற்கிறவனுக்கு டில்லர் விவகாரம் எதற்கு?" என்று நம் வணிகர்களில் சிலர் கேட்கலாம். வண்டி வயலில் நின்றால் நடவு தள்ளும், நடவு தள்ளினால் மகசூல் குறையும், மகசூல் குறைந்தால் முதலில் நிற்பது கடைப் பாக்கிதான். ஆகவே இது நம் விவகாரமும் ஆகும். அதோடு, விவசாயிக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரியும். அது அடக்க விலை.

விருதுநகரில் பருப்பு மூட்டை என்ன விலை என்று கேட்டு அதே விலைக்கு நாம் தஞ்சாவூரில் விற்பதில்லை. லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, தரகு, எடைக் குறைவு எல்லாம் கூட்டித்தான் அடக்கம் போடுகிறோம். பழைய வண்டி வாங்குகிறவர் மட்டும் விற்கிறவர் சொன்ன விலையையே முழு விலை என்று நம்பிவிடுகிறார். பேச்சுக்கு 60,000 ரூபாய்க்கு ஒரு டில்லர் என்று வைப்போம். கொண்டுவரும் செலவு, பெல்ட், ஆயில் சீல், கத்தி, இரும்புச் சக்கரம், மெக்கானிக் கூலி சேர்ந்து 20,000 ஆனால் அதன் அடக்கம் 80,000. இந்த 20,000 எங்கிருந்து வரும் என்று யோசிக்காமல் வாங்கினால் வண்டி கொட்டகையில் நிற்கும். நம் வாடிக்கையாளர் ஒருவருக்கு நடவு நேரத்தில் கியர் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து ஒரு வாரம் வேலை நின்றது. கடைசியில் வாடகை வண்டி வைத்துத்தான் உழுதார். அந்த வருடம் அவருக்கு உழவுச் செலவு இரட்டிப்பு.

ஆகவே கைமாற்று கேட்டு வருகிறவரிடம் நாம் சில கேள்விகள் கேட்க வேண்டும். முதலில் காகிதம். டிராக்டர் என்றால் ஆர்.சி. புத்தகம் யார் பேரில் இருக்கிறது, வங்கிக் கடன் பதிவு அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடன் இருந்தால் வங்கியின் கையெழுத்தோடு படிவம் 35, பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. விற்பவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்குபவர் 30 நாட்களுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். டில்லர் என்றால் முதல் பில்லைக் கேட்டு, என்ஜின் நம்பர் ஒத்துப்போகிறதா பார்க்க வேண்டும். மானியத்தில் வாங்கிய வண்டியா என்றும் கேட்க வேண்டும். அப்படியானால் கைமாற்ற நிபந்தனை ஏதும் உண்டா என்று வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரிப்பது நல்லது.

அடுத்தது வண்டி. போனவுடன் என்ஜினைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால், நாம் வரும் முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். ஆறிய என்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்பதே சோதனை. நீலப் புகை விடாமல் வந்தால் ஆயில் எரிகிறது, ரிங் தேய்ந்திருக்கலாம். கியர் ஆயில் பால் கலந்த டீ போல் இருந்தால் சேற்றுத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. இவை எல்லாம் சரி என்றாலும், பம்ப் செட் உள்ள ஒரு சேற்று வயலில் ஒரு மா உழுது காட்டச் சொல்ல வேண்டும். மேட்டில் ஓடுகிற வண்டியெல்லாம் சேற்றில் ஓடாது.

கொண்டுவருவதும் சாதாரண வேலை அல்ல. டில்லர் ஏறக்குறைய 400 முதல் 500 கிலோ எடை. பலகை போட்டு லோடு வண்டியில் ஏற்றும்போது ஸ்டியரிங் கிளட்சைத் தொடவே கூடாது. சரிவில் இறங்கும்போது அதைப் பிடித்தால் நினைத்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பும். ஆள் அடியில் மாட்டிக்கொள்வது அப்போதுதான். ஏற்றிய பின் டீசல் குழாயை மூடி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, நான்கு பக்கமும் கட்ட வேண்டும். கேஜ் வீலோடு தார்ச்சாலையில் ஓட்டிவரக் கூடாது. சாலை பாழாகும், வழக்கும் வரும்.

வந்த மறுநாளே வயலில் இறக்குவதும் தவறு. என்ஜின் ஆயில், கியர் ஆயில் மாற்றி, டீசல் ஃபில்டரையும் ஏர் கிளீனரையும் சுத்தம் செய்து, எல்லா போல்ட்டையும் முடுக்க வேண்டும். பெல்ட்டை ஒன்று மட்டும் மாற்றினால் பாரம் முழுவதும் புதியதன் மேல் விழும். செட்டாகவே மாற்ற வேண்டும். சுழல் கத்தியில் இடது வேறு, வலது வேறு. மாற்றிப் பூட்டினால் வயல் மேடு பள்ளமாகும். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்து மணல் கலந்த மண்ணில் கத்தி சீக்கிரம் தேயும். அதற்கும் கணக்கில் இடம் விட வேண்டும்.

விலை பேசுவதில் இன்னொரு விஷயம். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர், உழவுக் கருவிகளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ஒரு லட்சம் அடிப்படை விலைக்கு வரி மட்டும் 7,000 ரூபாய் மிச்சம். புதுச் சரக்கு இறங்கினால் பழைய சரக்கும் இறங்க வேண்டும் என்பது கடைத்தெரு நியாயம். "நான் வாங்கிய விலை இவ்வளவு" என்று பழைய பில்லைக் காட்டிப் பேசுகிறவரிடம் இதைச் சொல்லலாம். வைகாசியில் ஓடி வாங்குவதைவிட சம்பா அறுவடை முடிந்த மாசி, பங்குனியில் வாங்குவதும் நல்லது. பழுது பார்க்க நாள் கிடைக்கும்.

எல்லோரும் வாங்கத்தான் வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. 2024-ல் மேட்டூர் அணை ஜூலை 28-ல்தான் திறந்தது. தண்ணீர் தள்ளிப் போகலாம், தவணை தள்ளிப் போகாது. மூன்று, நான்கு மா வைத்திருப்பவருக்கு வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை டிராக்டரே போதும். உழவன் செயலியிலும் பதிவு செய்யலாம். பக்கத்து வயல்காரர்கள் நாலு பேர் கூட்டாக வாங்குவதும் நல்ல வழி.

நம் வணிகர்களுக்கு நாம் சொல்வது மூன்று. கைமாற்று கொடுப்பதானால் அடக்க விலையை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள். விற்பவருக்குப் பணம் முழுவதையும் ஒரே தடவையில் கொடுக்க விடாதீர்கள். ஒரு பகுதி, காகிதம் மாறி வயலில் உழுது காட்டிய பிறகு போகட்டும். வண்டிக் கடனை மளிகைப் பற்றோடு சேர்க்காமல் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். சேர்த்து எழுதினால் எது அரிசி, எது டீசல் என்று தெரியாமல் கடைசியில் இருவருக்கும் மனக்கசப்புதான் மிஞ்சும்.

அந்தந்த ஊர்ச் சங்கமும் ஒன்று செய்யலாம். சேற்றுழவு வண்டி தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் பேசி, வாங்கப் போகிறவரோடு போய்ப் பார்த்துவர ஒரு நாள் கூலி நிர்ணயித்து வைக்கலாம். கூலியை வாங்குகிறவரும் கடைக்காரரும் பாதிப் பாதி போட்டுக்கொள்ளலாம். வண்டி நின்று அதனால் வராமல் போகும் ஒரு போகத்துப் பாக்கியோடு பார்த்தால் அந்தக் கூலி பெரிதல்ல. அடுத்த செயற்குழுவில் இதை எடுத்துப் பேச வேண்டுகிறோம்.